இத்தாலியில் ஒரு நெல்லூர்

இத்தாலி என்றதும் நம் வீட்டுப் பிள்ளைகளுக்குச் சாய்ந்த கோபுரமும் பந்தாட்டமும் ஞாபகத்துக்கு வரும். பெரியவர்களுக்கு ரோமாபுரியும் போப்பாண்டவரும். சுற்றுலாக்காரர்கள் அழைத்துப் போவதும் ரோம், பிளாரன்ஸ், வெனிஸ், மிலான் என்ற அந்த நாலு ஊருக்குத்தான். இந்த முறை அந்த நாலும் நமக்கு வேண்டாம். மிலானிலிருந்து துரின் நகருக்கு ரயிலில் போகிறவர்கள் பாதி வழியில் கண்ணயர்ந்து தாண்டிப் போய்விடுகிற ஓர் ஊரில் நாம் இறங்குவோம். அதன் பெயர் வெர்ச்செல்லி. சேசியா என்ற ஆற்றின் கரையில் இருக்கிறது. ஜனத்தொகை ஏறத்தாழ 45,000. நம் கணக்கில் ஒரு நடுத்தரப் பட்டணம்.

பட்டணத்தைச் சுற்றி எந்தப் பக்கம் பார்த்தாலும் நெல் வயல். ஐரோப்பாவில் நெல்லா என்று கேட்கலாம். ஐரோப்பிய ஒன்றியத்தில் விளையும் நெல்லில் பாதியளவு இத்தாலியில்தான் விளைகிறது. அதன் நெஞ்சுப் பகுதி இந்த வட்டாரம். ஏப்ரல் கடைசியில் வயல்களுக்குத் தண்ணீர் கட்டிவிட்டால் பூமியே கண்ணாடி பதித்த தரை போலாகிவிடும். அந்த ஊர்க்காரர்கள் அதைக் ‘கட்டம் கட்டமான கடல்’ என்று சொல்கிறார்கள். வானம் தெளிந்த நாளில் வடக்கே மொந்தே ரோசா என்ற பனிமலை அத்தனை கட்டங்களிலும் தலைகீழாகத் தெரியும். தஞ்சோங் காராங், செக்கிஞ்சான் பக்கம் பஸ்ஸில் போனவர்கள், வரப்புக்கு அப்பால் ஒரு பனிமலையை மனத்தில் நிறுத்திப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த ஊருக்குப் போய்வந்தவர்கள் சொல்வதில் இரண்டு விதம் உண்டு. “ஒன்றுமில்லை அங்கே. மத்தியானம் கடையெல்லாம் அடைத்துவிடுகிறார்கள். வெயில் காலத்தில் புழுக்கமும் கொசுவும் பிடுங்கி எடுக்கிறது. குளிர் காலத்தில் பனிமூட்டம், முன்னால் போகிற ஆள் தெரியவில்லை. அரை நாள் போதும்” என்பது ஒரு விதம். “இத்தனை அழகான கோயிலை இத்தாலியில் வேறெங்கும் கூட்டமில்லாமல் பார்க்க முடியாது, யாருமே வருவதில்லை, நல்லதாய்ப் போயிற்று” என்பது இன்னொரு விதம். இரண்டு பேர் சொல்வதும் உண்மைதான். ஆனால் இரண்டு பேருமே அந்த ஊரின் முக்கியமான சங்கதியைப் பார்க்காமல் வந்துவிடுகிறார்கள் என்பது என் எண்ணம்.

முதலில் கோயிலைப் பார்த்துவிடுவோம். ரயிலடியை விட்டு வெளியே வந்ததுமே அதன் கோபுரங்கள் கண்ணில் படும். புனித அந்திரேயா ஆலயம். நம்மூர்க் கத்தோலிக்கர் சிலர் பெலவேந்திரர் என்று சொல்லும் அதே சீடர்தான். 1219இல் அடிக்கல் நாட்டி 1227இல் முடித்துவிட்டார்கள். ஐரோப்பாவின் பெரிய கோயில்கள் நூறு, இருநூறு வருஷம் இழுத்துக்கொண்டு கட்டப்பட்டவை. இது எட்டே வருஷத்தில் எழுந்தது. காரணம் பணம். அந்தப் பணம் வந்த கதைதான் வேடிக்கை.

குவாலா பிக்கியேரி என்று ஒரு கர்தினால். வெர்ச்செல்லிக்காரர். போப்பாண்டவரின் தூதராக இங்கிலாந்துக்குப் போனார். 1216இல் ஜான் மன்னர் இறந்தபோது நாட்டில் உள்நாட்டுச் சண்டை. பிரெஞ்சு இளவரசர் பாதி நாட்டைப் பிடித்து வைத்திருக்கிறார். பட்டத்துக்கு உரிய மூன்றாம் ஹென்றிக்கு வயது ஒன்பது. அந்தப் பிள்ளையின் பக்கம் உறுதியாக நின்று முடிசூட்டு விழாவை நடத்திவைத்தவர்களில் இவர் ஒருவர். மன்னருக்கும் கட்டுப்பாடு உண்டு என்று சொன்ன மகா சாசனத்தை அந்த வருஷம் மறுபடி வெளியிட்டபோது அதில் முத்திரை வைத்தவரும் இவரே. நன்றிக்கடனாக, கேம்பிரிட்ஜ் பக்கத்தில் செஸ்டர்ட்டன் என்ற ஊரிலுள்ள அந்திரேயா கோயிலின் வருமானத்தை அவருக்கு எழுதிக் கொடுத்தார்கள். ஆக, இங்கிலாந்துக் குடியானவன் கட்டிய காணிக்கையில் இத்தாலியில் கோயில் எழுந்தது. வெள்ளைக்காரன் நம் தோட்டத்து வருமானத்தை லண்டனுக்குக் கொண்டுபோன கதையையே கேட்டுப் பழகிய நமக்கு இது சற்று விசித்திரமாகத்தான் இருக்கிறது. அந்தக் காலத்தில் பணம் வேறு திசையிலும் ஓடியிருக்கிறது!

முகப்பு பச்சை கலந்த சாம்பல் நிறக் கல். இரண்டு பக்கமும் பென்சில் போல ஒல்லியான கோபுரங்கள். உள்ளே வெள்ளைச் சுவரும் சிவப்புத் தூணும் வளைவும். மேலே எண்கோணமாக ஒரு கூண்டு, அதன் வழியாக வெளிச்சம் இறங்குகிறது. அலங்காரம் குறைவு. அதனாலேயே மனம் அடங்கி உட்கார முடிகிறது. வாசல் வளைவு ஒன்றில் கர்தினால் தாம் கட்டிய கோயிலைக் கையில் ஏந்தி அந்திரேயாவிடம் கொடுப்பது போலச் செதுக்கியிருக்கிறார்கள். கல்லை இழைத்தவர்கள் பெயர் அங்கே இல்லை. நம் கோயில்களிலும் உபயதாரர் பெயர்தான் கல்வெட்டில் இருக்கும், கொத்தனார் பெயர் இருப்பதில்லை. அது எல்லா ஊர் வழக்கமும்தான் போலும்.

பெரிய தேவாலயத்தின் புத்தகசாலையில் இன்னொரு இங்கிலீஷ் அதிசயம் இருக்கிறது. ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய ஆங்கிலத்தில் தோலில் எழுதிய புத்தகம். 23 பிரசங்கங்களும் 6 பாடல்களும் கொண்டது. பழைய ஆங்கிலப் பாட்டுகள் உலகத்தில் மிஞ்சியிருப்பதே நாலு பெரிய சுவடிகளில்தான். அதில் ஒன்று இந்த நெல்லூரில் கிடக்கிறது. ரோமாபுரிக்கு நடந்து போன யாத்திரிகர் யாரோ விட்டுப் போயிருக்கலாம் என்கிறார்கள். 990ஆம் ஆண்டு வாக்கில் கேன்டர்பரி பேராயர் ரோமுக்குப் போய்த் திரும்பியபோது தங்கிய ஊர்களின் பட்டியலில் வெர்ச்செல்லியும் உண்டு. 1822இல் ஒரு ஜெர்மானியர் கண்டெடுக்கும் வரை அந்தப் புத்தகத்தைச் சீந்துவார் இல்லை. எழுத்து புரியாவிட்டாலும், எலியும் ஈரமும் தின்னாமல் ஆயிரம் வருஷம் தப்பியதே என்று பார்க்கலாம். அதற்கு மேல் அதைப் பற்றி நமக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

1878இல் கட்டி முடித்த யூதர்களின் தொழுகைக்கூடம் ஒன்றும் உண்டு. கோடு கோடாக இரண்டு நிறத்தில், கிழக்கத்திய பாணியில் இருக்கும். அத்தனை பெரிய கூடத்துக்கு இன்று சொந்தக்காரர்கள் மிகச் சிலர். பலர் பெரிய நகரங்களுக்குப் போய்விட்டார்கள். இரண்டாம் உலகப் போரில் பிடித்துக்கொண்டு போகப்பட்டவர்களும் உண்டு. அங்கே நின்றால் சற்றுக் கனமாகத்தான் இருக்கிறது.

சந்தை கூடும் நாளில் கவூர் சதுக்கத்துக்குப் போனால் பொழுது போகும். சுற்றிலும் வளைவு நடைபாதை, நடுவில் கவூர் சிலை. அவர் கதை பிறகு வருகிறது. அங்கே ‘பிச்சொலானி’ என்று ஒரு பிஸ்கோத்து விற்பார்கள். பட்டை, கிராம்பு, ஜாதிக்காய் வாசனை தூக்கலாக இருக்கும். கிராம்பும் ஜாதிக்காயும் ஒரு காலத்தில் நம் பக்கத்துத் தீவுகளிலிருந்து கப்பலேறிப் போன சரக்கு. ‘பனிஸ்ஸா’ என்பது அந்த ஊர்ச் சோறு. அரிசியும் அவரையும் சிவப்பு ஒயினில் வேகவைத்து, பன்றிக் கொழுப்பும் பன்றித் தொத்திறைச்சியும் சேர்த்தது. சைவர்களும் நம் இஸ்லாமிய நண்பர்களும் கேட்டுவிட்டுத் தட்டில் கை வைக்க வேண்டும்.

இனி நான் சொல்ல வந்த இடம்.

பொர்கோஞ்ஞா என்ற பெயரில் ஒரு சித்திரக் காட்சிசாலை இருக்கிறது. அந்தோனியோ பொர்கோஞ்ஞா என்ற வக்கீல் ஆயுள் முழுக்கச் சேர்த்த படங்களை ஊருக்கு எழுதி வைத்துவிட்டு 1906இல் இறந்து போனார். பழைய காலத்து மாதா படங்கள், தேவதைகள், பிரபுக்கள் என்று அறை அறையாக இருக்கும். வருகிறவர்கள் பெரிய பேர்களைத் தேடிக்கொண்டு போவார்கள். அங்கே ஆஞ்செலோ மொர்பெல்லி என்பவர் 1895இல் தீட்டி முடித்த படம் ஒன்று இருக்கிறது. தண்ணீர் நிற்கும் வயல். இளம் நெல். வரிசையாகப் பெண்கள் குனிந்து நிற்கிறார்கள். பார்க்கிற நமக்கு அவர்கள் முதுகுதான் தெரிகிறது. முகம் தெரியாது. பாவாடையைத் தூக்கிச் செருகியிருக்கிறார்கள். தண்ணீரில் அவர்கள் நிழல் விழுந்திருக்கிறது. படத்தின் பெயர் ‘எண்பது காசுக்காக!’ அந்தப் பெண்களுக்கு அன்றைக்குக் கிடைத்த நாள் கூலி அது. ஆச்சரியக்குறி ஓவியர் போட்டதே, நான் போட்டதல்ல.

அழகான படம் என்று ஒரு நிமிஷம் நின்றுவிட்டு நகர்கிறவர்கள் நகரட்டும். வெளிக்காட்டில் களை பிடுங்கிய கையும், விடியற்காலைப் பெரட்டில் நின்ற காலும் உள்ள நம் பெண்களுக்கு அந்த முதுகுகள் சொல்வது கொஞ்சம் அதிகம் இருக்கும்.

இந்தப் பெண்களை ‘மொந்தீனா’ என்பார்கள். களையெடுப்பவள் என்று பொருள். மே மாதக் கடைசியிலிருந்து ஜூலைத் தொடக்கம் வரை சுமார் நாற்பது நாள் வேலை. நெல்லோடு நெல்லாக, நெல்லைப் போலவே முளைக்கும் ஒரு புல்லைக் கண்டுபிடித்து வேரோடு பிடுங்க வேண்டும். முழங்கால் தண்ணீர், மேலே வெயில், இடுப்பு நிமிரக் கூடாது. அட்டை, பாம்பு, கொசு. கொசுவோடு மலேரியா. பதின்மூன்று பதினான்கு வயதுச் சிறுமிகளும் அந்த வரிசையில் இருந்தார்கள். உள்ளூர்ப் பெண்கள் போதாமல் எமிலியா, வெனெத்தோ போன்ற தூரத்து மாகாணங்களிலிருந்து ரயில் ரயிலாக வந்து இறங்கினார்கள். ஒரு மரப்பெட்டி, ஓர் அகலமான வைக்கோல் தொப்பி. இவர்களைக் கிராமங்களில் ஆள் பிடித்துக் கூட்டி வந்தவனுக்குக் ‘கப்பொராலே’ என்று பெயர். கூலியில் அவனுக்கும் ஒரு பங்கு. நமக்கு விளக்க வேண்டியதில்லை. கங்காணி என்ற ஒரு சொல்லில் முடிந்துவிடும்.

தூரத்திலிருந்து வந்தவள் குறைந்த கூலிக்கு ஒப்புக்கொள்வாள் என்று உள்ளூர்க்காரிக்குக் கோபம். நாங்கள் மட்டும் வேறெங்கே போவோம் என்று வந்தவளுக்கு வருத்தம். முதலாளிக்கு இரண்டுமே லாபம். வேலை செய்யும்போது பேச்சுக் கொடுத்தால் மேலாள் அதட்டுவான். பாடினால் விட்டுவிடுவான், பாட்டில் கை நிற்காது என்பது அவன் கணக்கு. அதனால் அவர்கள் எல்லாவற்றையும் பாட்டில் வைத்துப் பேசிக்கொண்டார்கள். காதல், வீட்டில் விட்டு வந்த குழந்தை, முதலாளியின் வெள்ளைக் காற்சட்டை வரைக்கும் பாட்டாயிற்று. இன்று உலகமெங்கும் பாடும் ‘பெல்லா சாவ்’ என்ற பாட்டு இந்த வயல்களில்தான் பிறந்தது என்று பலர் சொல்வார்கள். ஆராய்ந்தவர்கள், அந்த வயல் பாட்டு போருக்குப் பின் எழுதப்பட்டது என்கிறார்கள். எது முன், எது பின் என்பதைப் பண்டிதர்கள் பேசிக்கொள்ளட்டும். களத்துமேட்டில் கும்மி கட்டியவர்களுக்கு, வேலையும் பாட்டும் எப்படி ஒட்டிக்கொள்ளும் என்பது தெரிந்ததுதான்.

அந்த முதுகுகள் ஒரு நாள் நிமிர்ந்தன. பத்து, பன்னிரண்டு மணி நேரம் தண்ணீரில் நின்ற காலம் அது. மொதெஸ்தோ குனியோலியோ என்ற சோஷலிஸ்ட் வக்கீல் ஒருவர் 1900ஆம் ஆண்டு ‘லா ரிசாயா’ என்ற சிறு பத்திரிகையைத் தொடங்கினார். பெயரின் பொருளே நெல்வயல் என்பதுதான். மலேரியாக் காய்ச்சலைத் தடுக்க, சூரியன் உதித்து ஒரு மணி கழித்தே வயலில் இறங்க வேண்டும், மறைவதற்கு ஒரு மணி முன்பே கரையேற வேண்டும் என்று பழைய விதி ஒன்று இருந்தது. யாரும் மதிக்காமல் தூசி படிந்து கிடந்தது. அவர் அதைத் தோண்டியெடுத்துக் கோர்ட்டில் கேள்வி கேட்டார். சட்டம் நம் பக்கம் இருப்பதே நமக்குத் தெரியாமல் இருப்பது உலகத்தில் எங்கும் உள்ள ஏழையின் தலையெழுத்து. சொல்லிக் கொடுக்க ஒருவர் வேண்டியிருக்கிறது.

ஆனால் வக்கீல் மட்டும் ஜெயித்துக் கொடுத்துவிடவில்லை. பல வருஷம் வேலைநிறுத்தம் நடந்தது. 1906 மே மாதக் கடைசியில், களையெடுப்பு தொடங்குகிற நேரம் பார்த்துப் பெண்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பட்டணத்துத் தெருக்களில் திரண்டார்கள். நேரத்தை அவர்கள் தேர்ந்தெடுத்த சாமர்த்தியத்தைக் கவனிக்க வேண்டும். அந்த நாற்பது நாளில் களை எடுக்காவிட்டால் அந்த வருஷத்து விளைச்சல் போச்சு. ஜூன் 1ஆம் தேதி ஒப்பந்தம் ஆயிற்று. நாளுக்கு எட்டு மணி நேர வேலை. இத்தாலி நாடு முழுவதற்கும் எட்டு மணி நேரச் சட்டம் வந்தது 1923இல்தான். அந்தச் சட்டத்துக்குப் பதினேழு வருஷம் முன்பாகவே, எழுதப் படிக்கத் தெரியாத பெண்கள் பலர் இருந்த ஒரு கூட்டம் அதை வாங்கிவிட்டது. அதே 1906இல்தான் நம் பேராக்கில் கிரியான் பாசனக் கால்வாய் வேலையும் முடிந்தது. அந்தப் பக்கத்துக் கூலிக்காரர்கள் எத்தனை மணி நேரம் வேலை செய்தார்கள் என்று கேட்க அன்றைக்கு யாரும் இல்லை.

கர்தினால் கட்டிய கோயிலுக்கு வழிகாட்டிப் புத்தகங்களில் இரண்டு பக்கம் தருகிறார்கள். இதற்கு ஒரு வரி கிடைத்தால் பெரிது. என்னைக் கேட்டால் வெர்ச்செல்லியில் பார்க்க வேண்டியவற்றில் கோயிலுக்குச் சமமாக இந்தக் கதையைத்தான் வைப்பேன்.

பிறகு சினிமாக்காரர்கள் வந்தார்கள். ‘ரீசோ அமாரோ’, அதாவது கசந்த அரிசி, 1949இல் வெளியான படம். ஜுசெப்பே தே சாந்திஸ் எடுத்தது. அவர்கள் மொழியில் ‘ரீசோ’ என்றால் அரிசி, சிரிப்பு என்று இரண்டு பொருள் உண்டு. வெர்ச்செல்லிக்குப் பக்கத்தில் லிஞ்ஞானா என்ற ஊரிலுள்ள வெனேரியா பண்ணையில், நிஜமாகவே களை எடுக்கும் பெண்களையும் நிறுத்திப் படம் பிடித்தார்கள். கதாநாயகி சில்வானா மங்கானோவுக்கு அப்போது வயது 18. குட்டைக் காற்சட்டையோடு அவர் தண்ணீரில் நின்ற படம் உலகம் முழுக்கச் சுற்றியது. தொழிலாளர் துயரத்தைக் காட்டப் போய்க் கதாநாயகியின் காலைக் காட்டிவிட்டீர்களே என்று இடதுசாரி விமரிசகர்களே முணுமுணுத்தார்கள். இருக்கலாம். ஆனாலும் பெட்டியும் தொப்பியுமாக ரயிலில் வந்திறங்கும் அந்தக் கூட்டத்தையும், ஒப்பந்தம் உள்ளவளுக்கும் இல்லாதவளுக்கும் நடக்கும் அடிதடியையும் வேறு யார் அப்படிக் காட்டினார்கள்?

வெர்ச்செல்லிக்கு மேற்கே லிவோர்னோ ஃபெர்ராரிஸ் என்று சிறிய ஊர். மின்சார மோட்டாருக்கு அடிப்படையான சுழலும் காந்தப்புலத்தைக் கண்டறிந்தவர்களில் ஒருவரான கலிலேயோ ஃபெர்ராரிஸ் 1847இல் பிறந்த ஊர் அது. அவர் பெயரையே ஊரோடு ஒட்டி வைத்துக்கொண்டார்கள். அங்கே கொலொம்பாரா என்ற பழைய நெல் பண்ணை இன்றும் நடக்கிறது. அந்த வட்டாரத்துப் பெரிய பண்ணைகள் எல்லாம் ஒரே அமைப்பு. நாலு பக்கமும் கட்டடம், நடுவில் களம், முதலாளி வீடு, தொழிலாளி வீடு, மாட்டுத் தொழுவம், சிறு கோயில், சில இடத்தில் பள்ளிக்கூடமும். நம் தோட்டத்தில் துரை பங்களா, கிராணி வீடு, லயம், மாரியம்மன் கோயில், தமிழ்ப்பள்ளி என்று இருந்ததே, அதே கணக்கு. வேலியைத் தாண்டாமல் பிறந்து வளர்ந்து வேலை செய்து சாகலாம்.

கொலொம்பாராவில் மொந்தீனாக்கள் படுத்துறங்கிய கூடத்தை இடிக்காமல் காட்சிசாலையாக வைத்திருக்கிறார்கள். நீண்ட அறை, வரிசையாகப் படுக்கைகள். நாற்பது நாள் அதுதான் வீடு. சாப்பாடு அரிசியும் அவரையும், மறுநாள் அவரையும் அரிசியும். பிற்காலத்தில் கூலியோடு நாளுக்கு ஒரு கிலோ அரிசியும் கொடுத்தார்கள். ஊர் திரும்பும்போது நாற்பது கிலோ மூட்டை. கையில் வந்த காசைவிட அந்த மூட்டைக்காகவே வந்தவர்கள் அநேகம். அந்தக் கூடத்தில் பத்து நிமிஷம் நின்றாலே போதும். கோயிலில் அரை மணி உட்கார்ந்தது போல இருக்கும்.

இங்கே ஒன்று கேட்கத் தோன்றுகிறது. நம் தோட்டங்கள் விற்கப்பட்டு வீட்டுமனைகளாகவும் குழிப்பந்துத் திடல்களாகவும் மாறியபோது லயங்களை வரிசை வரிசையாக இடித்துத் தள்ளினார்கள். ஒழுகிய கூரை போனதில் யாருக்கும் வருத்தமில்லை, போகட்டும். ஆனால் ஒரே ஒரு லயத்தை, பால் வாளியும் உளியும் ஆயாக்கொட்டகைத் தொட்டிலும் பெரட்டு மணியுமாக அப்படியே விட்டு வைக்க எத்தனை இடத்தில் நினைத்தார்கள்? பாட்டி இருக்கும் வீடுகளில் அவர்களிடம் கேட்டு எழுதியாவது வைக்கலாம். பிள்ளைகள் பள்ளி விடுமுறையில் செய்யக்கூடிய வேலைதான்.

மொந்தீனாக்கள் இன்று இல்லை. 1950களிலும் 60களிலும் களைக்கொல்லி மருந்தும் இயந்திரமும் வந்தன. நாற்பது நாள் ரயில்கள் நின்றன. முதுகு தப்பியது, கூலியும் போயிற்று. 2000ஆம் ஆண்டுகளில், மருந்துக்கு அடங்காத காட்டு நெல்லைக் கையால் பிடுங்கச் சீனத் தொழிலாளர்கள் சில வயல்களில் வேலை செய்ததாகச் செய்திகள் வந்தன. குனிகிற முதுகு எந்த ஊர்க்காரருடையது என்பதுதான் மாறியிருக்கிறது. மருந்தடிப்பது என்றால் என்ன என்பது நம் பெண்களுக்கும் தெரியும். தோளில் தொட்டி சுமந்து பாராகுவாட் அடித்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள்தான். அந்த மருந்து மலேசியாவில் 2020இல்தான் தடை செய்யப்பட்டது.

கவூர் கதை மிச்சம் இருக்கிறது. கமில்லோ கவூர் ஒன்றுபட்ட இத்தாலியின் முதல் பிரதமர். 1861இல் பதவியேற்று அந்த ஆண்டே இறந்தார். அதற்கு முன் இந்த வட்டாரத்தில் லேரி என்ற நெல் பண்ணையை நடத்தியவர். வயலுக்குத் தண்ணீர் போதாது என்று சொந்த அனுபவத்தில் தெரிந்தவர். அவர் பெயரால் போ ஆற்றிலிருந்து கிழக்கே தீச்சினோ ஆறு வரை சுமார் 85 கிலோமீட்டர் கால்வாய் வெட்டினார்கள். 1863இல் தொடங்கி 1866இல் முடித்தார்கள். அந்தக் காலத்தில் பெரும்பாலும் மண்வெட்டியும் கூடையும்தான். சேசியா ஆறு குறுக்கிடும் இடத்தில் கால்வாய் ஆற்றுக்கு அடியில் புகுந்து அக்கரையில் மேலே வருகிறது. எஞ்சினியர் ஆக விரும்பும் பிள்ளைகளை அழைத்துப் போய்க் காட்ட வேண்டிய இடம் அது. 2022இல் வறட்சி வந்தபோது போ ஆறே வற்றி மணல் தெரிந்தது. அந்த வருஷம் பல வயல்களில் நெல் கருகியது. கட்டம் கட்டமான கடல் எப்போதும் இருக்கும் என்று யாரும் அங்கே இப்போது நிச்சயமாகச் சொல்வதில்லை.

போக நினைப்பவர்களுக்கு இரண்டொரு வார்த்தை. மிலானிலிருந்து ரயிலில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். தண்ணீர் கட்டிய வயலைப் பார்க்க ஏப்ரல் கடைசி, மே. அறுப்பைப் பார்க்க செப்டம்பர். சித்திரக் காட்சிசாலை எல்லா நாளும் திறந்திருக்காது, கேட்டுக்கொண்டு போக வேண்டும். கொலொம்பாரா பண்ணைக்கு முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். உள்ளே போனதும் ஓவியங்களை எல்லாம் விட்டுவிட்டு முதலில் அந்த எண்பது காசுப் படம் எங்கே என்று கேளுங்கள். கொசு எண்ணெய் ஒரு புட்டி கையில் இருக்கட்டும். பொழுது சாய்ந்த பிறகு அந்த வயல்கரையில் மனிதர் நிற்க முடியாது.